பட்டடையை எடைக்குப் போடலாமா?

போன இதழில் வேறு ஏதோ ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது எங்கள் ஊர்க் கொல்லாசாரி இறந்துபோனதைப் பற்றி இரண்டு வரி சேர்த்துவிட்டேன். அவ்வளவுதான். வழக்கமாக அரசியலும் கிரிக்கெட்டும் கேட்கிறவர்கள்கூட இந்த முறை பட்டறை வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். சரி, இந்த இதழ் முழுக்க இரும்புதான். இரும்பு அடிக்கிற இடத்தில் ஈக்கு என்ன வேலை என்று நினைப்பவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

கேள்வி: என் தாத்தா கொல்லுப்பட்டறை வைத்திருந்தவர். 80 வயதில் போன மாதம் தவறிவிட்டார். அப்பா திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய் 30 வருஷம் ஆகிறது, அதனால் பட்டறை தாத்தாவோடு சரி. பட்டடை (இரும்பை வைத்து அடிக்கிற இரும்புக் கட்டை), சம்மட்டி, கொறடு (இடுக்கி) எல்லாவற்றையும் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிடலாம் என்கிறார் அப்பா. பாவம் வந்து சேரும் என்கிறார் அம்மா. நான் யார் பக்கம் பேசுவது? (பெயர் வேண்டாம் என்ற வாசகி, அவிநாசி பக்கம்)

பதில்: பாவமெல்லாம் ஒன்றும் வராதும்மா. முதலில் அப்பாவிடம் ஒரு கேள்வி கேளுங்கள், சின்ன வயதில் உலைக்குக் காற்று ஊதுகிற துருத்தியை இழுத்தாரா என்று. இழுத்திருப்பார். பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன்கள் கோலி விளையாடும்போது, கொல்லன் வீட்டுப் பையன் மட்டும் உலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சங்கிலியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பான், கொஞ்சம் கண் அயர்ந்தால் தலையில் ஒரு குட்டு விழும். பட்டறையைப் பற்றி உருகி உருகி எழுதுகிற என்னைப் போன்றவர்கள் யாரும் துருத்தி இழுத்ததில்லை. அதனால் அப்பாவுக்கு அந்த இரும்பின்மேல் பாசம் இல்லையே என்று வருத்தப்படாதீர்கள். அவர் கணக்கு வேறு.

ஆனால் எடைக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பழைய இரும்புக்காரர் கிலோ கணக்கு ஒன்றுதான் பார்ப்பார். அவருக்கு உங்கள் தாத்தாவின் பட்டடையும் உடைந்த சைக்கிள் ஃபிரேமும் ஒரே விலை. அங்கிருந்து உருக்காலைக்குப் போய், கம்பியாகி, யார் வீட்டு மொட்டை மாடிக்குள்ளேயோ கிடக்கும். அதையே வேலையில் இருக்கிற ஒரு கொல்லரிடம் கொண்டுபோனால், நல்ல மேல்முகம் உள்ள பட்டடைக்கு அவர் எடை விலையைவிட நிச்சயம் கூடக் கொடுப்பார். புதிதாக வாங்கினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். எங்கே தேடுவது என்றால் வாரச்சந்தையில். அரிவாள்மனையும் களைக்கொத்தும் பரப்பி உட்கார்ந்திருப்பவரிடம், இதை யார் அடிக்கிறார்கள் என்று கேளுங்கள், நூல் பிடித்த மாதிரி போய்ச் சேர்ந்துவிடலாம்.

இன்னொன்று. பட்டடையை எடுக்கிற அவசரத்தில் மூலையில் கிடக்கிற சின்னச் சின்ன உளிகளை விட்டுவிடாதீர்கள். கருக்கரிவாளுக்குப் பல் வெட்டுகிற உளி, துளை போடுகிற ஊசி, வளையம் திருப்புகிற அச்சு, இதெல்லாம் கடையில் வாங்கியது இல்லை, ஒவ்வொன்றும் ஒரு வேலைக்காகத் தாத்தாவே அடித்து வைத்துக்கொண்டது. வாங்கப்போகிற கொல்லர் முதலில் அதைத்தான் கையில் எடுத்துப் பார்ப்பார், பாருங்கள். வீட்டுக்கு வேண்டுமென்றால் கைப்பிடி தேய்ந்த ஒரு சுத்தியலை வைத்துக்கொள்ளுங்கள். ஹாலில் பட்டடையை வைத்து மேலே பூந்தொட்டி வைக்கிற யோசனை யாராவது சொன்னால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், கால் விரல் தப்பாது.

கேள்வி: எங்கள் பாட்டி, ஆசாரிக்கு வருஷத்துக்கு ஒரு தடவைதான் நெல் அளப்போம், கூலியே கிடையாது என்கிறார். நம்பலாமா? (வாசகர், அருப்புக்கோட்டை)

பதில்: நம்பலாம். அது ஏர் கணக்கு. ஓர் ஏர் வைத்திருக்கிற வீடு இத்தனை மரக்கால், இரண்டு ஏர் என்றால் அதைப்போல் இரண்டு மடங்கு என்று அறுவடைக் களத்திலேயே அளந்துவிடுவார்கள். களத்துச் சுதந்திரம் என்று அதற்குப் பெயர். (1947க்கு ரொம்ப முந்திய சுதந்திரம் இது. உரிமைப் பங்கு என்று அர்த்தம்.) அதற்குப் பதிலாக ஆசாரி வருஷம் முழுக்க அந்த வீட்டுக் கொழுவை (ஏர் முனையில் மாட்டுகிற இரும்பு) காய்ச்சி அடித்துக் கூராக்கித் தர வேண்டும், மண்வெட்டிக்கு வாய் அடித்துத் தர வேண்டும், களைக்கொத்து, கதிர் அரிவாள் எல்லாம் அதில் அடக்கம். புதிதாக ஒன்று செய்வதென்றால் இரும்பும் கரியும் நாம் கொடுத்து, வேலைக்குத் தனியாக ஏதாவது தருவது வழக்கம்.

கரிசல்காட்டில் முதல் மழை விழுந்த மறுநாள் விடியுமுன்னே பட்டறை வாசலில் பத்துப் பதினைந்து கொழு வரிசையில் கிடக்கும். மனுசன் சாப்பிடக்கூட எழுந்திருக்க முடியாது. மழை இல்லாத வருஷம் அவருக்கும் நெல் இல்லை. இதை "ஊரே ஒரு குடும்பம்" என்று மெழுகிச் சொல்கிறவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. பேரம் பேச முடியாது, கோபித்துக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடவும் முடியாது. எங்கள் வீட்டுக் களத்தில் பார்த்திருக்கிறேன், தூற்றி முடித்து நல்ல பொலியை மூட்டை கட்டியபிறகு, கடைசியில் மண்ணோடு கூட்டி அள்ளிய நெல்தான் ஆசாரிப் பங்குக்குப் போகும். அவர் வீட்டில் அதைப் புடைத்துக் கல் பொறுக்கவே ஒருநாள் ஆகியிருக்கும். ஆனால் இதையும் சொல்ல வேண்டும், சாதாரண வருஷத்தில் அந்த வீட்டில் உலை கொதிக்காமல் இருந்ததில்லை.

அந்தக் காலத்தில் பல ஊர்களில் கம்மாள மானியம் (கம்மாளர் என்றால் கொல்லர், தச்சர் போன்ற கைவினைஞர்) என்று கொஞ்சம் நிலமும் உண்டு. 1963இல் இந்த மாதிரி மானிய நிலங்களை, அதாவது சிறு இனாம்களை ஒழித்து, நிலத்துக்காரரே நேராக அரசுக்கு வரி கட்டுகிற ரயத்துவாரியாக மாற்றும் சட்டம் வந்தபிறகு மானியம் என்பதே போய்ப் பட்டா என்றானது. பட்டா யார் பெயருக்குப் போனது என்பது ஊருக்கு ஊர் வேறு கதை. எங்கள் ஊர் ஆசாரி, "எனக்குத் தெரிஞ்ச ஒரே பட்டா வண்டிச் சக்கரத்துப் பட்டாதான்" என்பார்.

அப்புறம் எப்போது நின்றது என்று கேட்பீர்கள். ஒருநாளில் நிற்கவில்லை. யாரும் அவரை வேலையைவிட்டு நிறுத்தவும் இல்லை. டிராக்டர் வந்தது, ஏர் ஒவ்வொன்றாகப் பரணுக்குப் போனது, ஏர் இல்லாத வீட்டுக்கு எதை வைத்து அளப்பது? எங்கள் வீட்டிலும் ஒரு வருஷம் அளக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

கேள்வி: வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுவதை நேரில் பார்த்திருக்கிறீர்களா? ஆணி அடித்துப் பொருத்துவார்களா? (வாசகர், பண்ருட்டி)

பதில்: பார்க்காமல் இருப்பேனா. பட்டா கட்டுகிற நாள் என்றால் பள்ளிக்கூடத்துக்குப் போகவே மாட்டோம்.

ஆணி இல்லை. சூடுதான் ஆணி. நீளமான தட்டை இரும்பை வளைத்து, இரண்டு முனையையும் வெள்ளைச் சூட்டில் ஒன்றின்மேல் ஒன்று வைத்து அடித்து ஒட்டி வளையமாக்குவார். சூட்சுமம் என்னவென்றால் அந்த வளையம் சக்கரத்தைவிடக் கொஞ்சம் சின்னதாக இருக்க வேண்டும். 4 அடி விட்டமுள்ள சக்கரத்துக்குச் சுற்றளவு 12.5 அடி வரும். இரும்பு 500 டிகிரி சூடேறினால் அந்த நீளத்துக்கு 2 சென்டிமீட்டருக்கு மேல் நீண்டு கொடுக்கும் என்று பின்னாளில் நான் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். ஆசாரி விரலை மடக்கிக் காட்டி "இம்புட்டு" என்பார். இரண்டும் ஒன்றுதான்.

வெட்டவெளியில் வளையத்தைப் படுக்கவைத்து, அதைச் சுற்றி வறட்டி அடுக்கித் தீ மூட்டுவார்கள். பட்டா செவசெவ என்று ஆனதும் மூன்று பேர் நீளக் கொறடால் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்து, தரையில் படுக்கவைத்த சக்கரத்தின்மேல் இறக்குவார்கள். மரம் பட்டென்று தீப்பிடிக்கும். புகை, கூச்சல், சம்மட்டி அடி, ஆசாரி எல்லோரையும் கெட்ட வார்த்தையில் திட்டுவார். அன்றைக்கு மட்டும் அவர் யாரை வேண்டுமானாலும் திட்டலாம், பண்ணையார் உட்பட. உடனே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற, பட்டா சுருங்கும். சுருங்கும்போது ஆரக்காலும் வட்டையும் (சக்கரத்தின் விளிம்பு மரம்) நடுவில் அச்சு நுழைகிற குடத்தோடு போய் இறுகும், அந்த நெரிகிற சத்தம் இருக்கிறதே, "க்ர்ர்ரக்" என்று மரம் முனகுவது, அதைக் கேட்டுத்தான் சக்கரம் சரியாக உட்கார்ந்ததா என்று சொல்வார். அளவு தப்பினால் இரண்டில் ஒன்று, பட்டா கழன்று ஓடும், இல்லை ஆரக்கால் தெறிக்கும். அப்படித் தெறித்தால் தச்சாசாரிக்கும் கொல்லாசாரிக்கும் ஒரு வாரம் பேச்சுவார்த்தை இருக்காது. டயர் வண்டி வந்தபிறகு அந்தச் சண்டைக்கும் வழியில்லாமல் போனது.

கேள்வி: கொல்லுப்பட்டறை ஏன் எப்போதும் இருட்டாக இருக்கிறது? ஒரு பல்பு போட்டால் என்ன? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: பல்பு போட்டால் நிறம் தெரியாது. இரும்பின் சூட்டை அவர் அளப்பது கண்ணால். அரிவாளைப் பழுக்கக் காய்ச்சி, வாய்ப்பக்கத்தை, அதாவது வெட்டுகிற பக்கத்தை மட்டும் தண்ணீரில் முக்கி எடுத்து, ஒரு கல்லால் சட்டென்று தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பார். முதுகுப் பக்கம் மிச்சமிருக்கிற சூடு வாய்க்கு ஏறி வரும். வரும்போது இரும்பின்மேல் நிறம் ஓடும். முதலில் வைக்கோல் நிறம், அப்புறம் பழுப்பு, ஊதா, நீலம். வைக்கோல் நிறம் என்றால் ஏறக்குறைய 220, 230 டிகிரி, நீலம் என்றால் 300 பக்கம். எந்த நிறத்தில் மறுபடி தண்ணீரில் போடுகிறாரோ அதுதான் அந்த அரிவாளின் குணம். முந்திப் போட்டால் கடினம், ஆனால் கல்லில் பட்டால் பொக்கு விழும். பிந்திப் போட்டால் முனை மழுங்கும். தோய்ச்சல் என்பது இதுதான், இரண்டு மூன்று விநாடி வேலை. வெயில் உள்ளே விழுந்தால் அந்த வைக்கோல் நிறம் கண்ணுக்கே படாது.

எங்கள் ஊர்ப் பட்டறையில் இதற்கென்று ஒரு கல்தொட்டி உண்டு, ஒரே கல்லில் குடைந்தது, அவர் தாத்தா காலத்தது. அதில் தண்ணீர் எப்போதும் கருப்பாக, லேசாக வெதுவெதுப்பாக இருக்கும். நாங்கள் கையை விட்டால் மட்டும் அவருக்குக் கோபம் வரும்.

கேள்வி: உங்கள் எழுத்தில் "ஆசாரி, ஆசாரி" என்றே வருகிறது. அவருக்குப் பெயர் கிடையாதா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: சரியான இடத்தில் அடித்தீர்கள். உண்டு. எனக்கு அது தெரிந்தது அவர் செத்த பிறகு.

ஏழு வயதில் நான் அவர் வீட்டு வாசலில் நின்று, "ஆசாரி, அப்பா உன்னை வரச் சொன்னாரு" என்பேன். அவருக்கு என் தாத்தா வயது. "இந்தா வர்றேன் சாமி" என்பார். எனக்கு அவர் "நீ", அவருக்கு நான் "சாமி". அதில் கோணல் இருப்பதாக எங்கள் தெருவில் யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் கல்லூரிக்குப் போகிறவரை தோன்றவில்லை. மற்றவர் பட்ட கொடுமையோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமில்லை என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அது அவர்கள் சௌகரியம்.

கரூர் பசுபதீசுவரர் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. கோனேரின்மைகொண்டான் என்ற பட்டத்தோடு ஓர் அரசன், கரூர்ப் பக்கத்து வெங்கால நாட்டுக் கம்மாளர்களுக்குச் சில உரிமைகள் கொடுக்கிறான். என்ன உரிமை தெரியுமா? நன்மை தின்மைக்கு, அதாவது கல்யாணத்துக்கும் சாவுக்கும், இரட்டைச் சங்கு ஊதிக்கொள்ளலாம், பேரிகை கொட்டிக்கொள்ளலாம். வெளியே போகும்போது செருப்புப் போட்டுக்கொள்ளலாம். வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். அரசன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் செருப்பு என்றால், அதுவரை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அத்தனைக்கும் அந்தக் கோயிலின் ஒவ்வொரு கல்லையும் செதுக்கிய உளி ஒரு கொல்லன் அடித்தது.

கேள்வி: 5,300 வருஷத்துக்கு முன்பே தமிழன் இரும்பு செய்தான் என்கிறார்கள். உண்மையா, அரசியலா? (வாசகர், திருச்சி)

பதில்: 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது அது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த மாதிரிகளைப் பல ஆய்வகங்களுக்கு அனுப்பிக் கிடைத்த காலக்கணிப்பு. அதற்கு முன் 2022இல் கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறைக்குச் சுமார் 4,200 ஆண்டு என்றார்கள். அறிஞர்கள் இன்னும் விவாதிப்பார்கள், விவாதிக்கட்டும், அதுதான் அவர்கள் வேலை. இரும்பு உருக்கிய உலைகளின் அடையாளம் கொடுமணலில் கிடைத்திருக்கிறது, ஆதிச்சநல்லூரில் தாழிகளோடு இரும்புப் பொருள்கள் கிடைத்திருக்கின்றன. செத்தவரோடு வாளும் கத்தியும் சேர்த்து வைத்துப் புதைத்திருக்கிறார்கள். (முதல் கேள்வி கேட்ட அவிநாசித் தங்கச்சி இதைப் படித்துவிட்டு, தாத்தாவோடு பட்டடையையும் வைத்திருக்கலாமோ என்று யோசிக்க வேண்டாம். அறுபது கிலோ இருக்கும்.)

எனக்கு இதைவிடப் பிடித்தது ஒரு சங்கப் பாட்டில் போகிற போக்கில் வருகிற உவமை. ஏழு ஊர் வேலைக்கும் ஒரே ஊரில் இருக்கிற உலைத் துருத்தி எப்படி ஓய்வில்லாமல் தவிக்குமோ அப்படித் தவிக்கிறதாம் காதலனைப் பிரிந்தவளின் நெஞ்சு. ஊருக்கு ஒரு கொல்லன் என்பதே பிற்காலத்துச் சங்கதி போலிருக்கிறது, அன்றைக்கு ஏழு ஊருக்கு ஒருவன். இன்றைக்கும் கிட்டத்தட்ட அந்தக் கணக்குக்கே திரும்பிவிட்டோம், என்ன, தவிக்கிற அளவுக்கு வேலைதான் இல்லை.

கேள்வி: ஊரில் வெட்டுக்குத்து நடந்தால் அரிவாள் அடித்தவரையும் விசாரிக்கிறார்களே, இது நியாயமா? (வாசகர், மானாமதுரை)

பதில்: பக்கத்தில் அரிவாளுக்குப் பெயர்போன திருப்பாச்சேத்தியை வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள். 2021 செப்டம்பரில் தமிழகம் முழுக்கப் போலீஸ் ஆயுதச் சோதனை நடத்தியபோது, அரிவாள், கத்தி செய்கிறவர்களும் விற்கிறவர்களும் வாங்குபவரின் பெயர், முகவரி, எதற்கு வாங்குகிறார் என்பதை எழுதி வைக்கச் சொன்னார்கள். எழுதி வைப்பதில் தப்பில்லை என்பதுதான் என் கட்சி. ஆனால் ஆன்லைனில் நாலு தட்டில் வீட்டுக்கு வருகிற கத்திக்கு இல்லாத நோட்டு, கண் மங்கின கிழவரிடம் மட்டும் கேட்கப்படுவது எப்படி என்று புரியவில்லை.

எங்கள் ஆசாரியிடம் நோட்டு இல்லை, ஒரு சட்டம் இருந்தது. என்ன வெட்ட வேண்டும் என்று சொல்கிறவனுக்குத்தான் அரிவாள். கருவேலம் வெட்ட என்றால் ஒரு கனம், தென்னை மட்டைக்கு வேறு வளைவு, கருப்பசாமிக்கு நேர்த்திக்கடன் என்றால் ஆள் உயரத்துக்குக்கூட அடிப்பார், அதில் வாயே வைக்க மாட்டார். வந்து நின்று நீளம் மட்டும் சொல்கிறவனிடம் "கரி இல்லைப்பா" என்று அனுப்பிவிடுவார்.

கேள்வி: சாலையோரத்தில் கூடாரம் போட்டு வடநாட்டுக் குடும்பங்கள் அரிவாள், கோடாலி அடித்து விற்கிறார்கள். இவர்கள் வந்ததால்தான் நம் ஆசாரிகளுக்கு வேலை போனதா? (வாசகர், திண்டிவனம்)

பதில்: இல்லை. வேலை போய் ரொம்ப நாள் கழித்துத்தான் அவர்கள் வந்தார்கள். பெரும்பாலும் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் பக்கத்தவர்கள். கைக்குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு அந்தப் பெண்கள் சம்மட்டியைத் தலைக்குமேல் தூக்கி அடிப்பதைப் பார்த்திருப்பீர்களே. நம் ஊரிலும் பல பட்டறைகளில் சம்மட்டி பிடித்தது பொண்டாட்டிதான், கொறடு பிடித்தவர் பேர் வாங்கிக்கொண்டார். அவர்களிடம் வாங்கினால் பேரம் பேசாமல் வாங்குங்கள்.

கேள்வி: போன இதழில் இரண்டு வரியில் முடித்துவிட்டீர்கள். அவர் எப்படி இறந்தார்? (நிறைய பேர்)

பதில்: பெரிதாக ஒன்றுமில்லை. 60 வருஷம் கரிப்புகை குடித்த நெஞ்சு, ஒரு மார்கழிக் குளிரில் இழுத்துக்கொண்டது. காது ஏற்கெனவே போய்விட்டது. பட்டடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்த யாருக்குத்தான் காது நிற்கும். கடைசி ஐந்தாறு வருஷம் தேங்காய் துருவிக்குப் பல் வெட்டுவது, அரிவாள்மனைக்குச் சாணை, கோயிலுக்கு வேல், அவ்வளவுதான் வேலை. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், நாலாம் நாள் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

நான் போனபோது வீட்டு வாசலில் ஒரு சின்ன வாக்குவாதம். உட்காரவைத்துப் புதைப்பது கம்மாளர்களில் பல குடும்பங்களில் இருந்த வழக்கம், வயதானவர்கள் அதைத்தான் செய்ய வேண்டும் என்றார்கள். மகன் சென்னையிலிருந்து வந்தவர், லேத்துப் பட்டறையில் வேலை, எரித்துவிடலாம் என்றார். கடைசியில் பெரியவர்கள் சொன்னதுதான் நடந்தது. உட்காரவைப்பதற்குக் குழி ஆழமாக வேண்டும். தோண்டிக்கொண்டிருக்கும்போது ஒரு மண்வெட்டி காம்பைவிட்டுக் கழன்றுவிட்டது. குழிக்குள் நின்றவர் அதைத் தூக்கி மேலே போட்டு, "இத ஆசாரிட்ட குடுத்து ஆப்பு அடிச்சிட்டு வாடா" என்றார். அந்தப் பையன் கையில் வாங்கி நாலடி நடந்தும் விட்டான். அப்புறம்தான் எல்லோருக்கும் உறைத்தது. யாரும் சிரிக்கவில்லை.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும் அல்லவா, மகனுக்குத் துணையாக நானும் கிராம நிர்வாக அலுவலரிடம் போனேன். மகன் வெளியே செல்போனில் பேசிக்கொண்டிருந்தார். "இறந்தவர் பெயர்?" என்றார் அலுவலர். "ஆசாரி" என்றேன். "அது தெரியும்யா, பேரு?" என்றார். என்னோடு வந்த இருவரும் என்னைப் பார்த்தார்கள், நான் அவர்களைப் பார்த்தேன். மகன் உள்ளே வந்து சொன்னார். நல்ல பெயர். இங்கே எழுத வேண்டாம் என்று அந்தக் குடும்பம் கேட்டுக்கொண்டதால் விடுகிறேன். படிவத்தில் தொழில் என்று ஓர் இடம் இருந்தது. அலுவலர் கேட்கவே இல்லை, "கூலி" என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது நினைத்தால் என்மேலேயே எரிச்சலாக வருகிறது.

கேள்வி: என் மாமனார் இன்னும் பட்டறை நடத்துகிறார், வயது 57. அரசாங்கத்திடமிருந்து ஏதாவது கிடைக்குமா? (வாசகி, செங்கம்)

பதில்: உடனே செய்ய வேண்டியது நல வாரியப் பதிவு. 1982ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் வருகிற வாரியங்களில் 60 வயது வரைதான் சேர முடியும், அதனால் மூன்று வருஷம் இருக்கிறது என்று தள்ளிப்போடாதீர்கள். சேர்ந்தால் 60க்குப் பிறகு ஓய்வூதியம், இறந்தால் குடும்பத்துக்கு உதவித்தொகை, ஈமச்சடங்குக்கும் தனியாக உண்டு. மாவட்டத் தலைநகரில் தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்பு) அலுவலகத்தில் விசாரியுங்கள், அட்டையைக் காலாகாலத்தில் புதுப்பிக்கவும் மறக்காதீர்கள். எங்கள் ஆசாரி பதியவில்லை. இரண்டு தடவை மனு வாங்கிக் கொடுத்தேன், பரணில் வைத்துவிட்டார்.

கடன் திட்டங்கள் வேறு. 2023 செப்டம்பரில் மத்திய அரசு 18 தொழில்களுக்கு விஸ்வகர்மா திட்டம் கொண்டுவந்தது. குலத்தொழிலுக்கே பிள்ளைகளைத் தள்ளுகிறது என்று சொல்லித் தமிழக அரசு அதை ஏற்கவில்லை, 2025இல் கலைஞர் கைவினைத் திட்டம் என்று 25 தொழில்களுக்குத் தனியாகத் தொடங்கியது. 35 வயதுக்கு மேல் என்பது நிபந்தனை, 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். மாவட்டத் தொழில் மையத்தில் கேட்கலாம். மின்சாரச் சுத்தியல் வாங்க இது உதவும். 57 வயதில் தோள்பட்டைக்கு அது பெரிய நிம்மதி.

கேள்வி: உங்கள் ஊர்ப் பட்டறை இப்போது என்ன ஆனது? (வாசகர், தேனி)

பதில்: பதினாறாம் நாள் வரை உலை மூட்டவில்லை, அப்புறம் மூட்ட ஆளில்லை. பட்டடையை மகன் பக்கத்து ஊர்க் கொல்லருக்குக் கொடுத்துவிட்டார், புளியங்கட்டையோடு பெயர்த்து எடுக்க அரைநாள் ஆனது. இடம் இப்போது பஞ்சர் கடை. ஆசாரியின் பேத்தி வீட்டுக்காரர்தான் வைத்திருக்கிறார், நல்ல பையன். போன மாதம் என் வண்டி பின் டயர் காற்று இறங்கி அங்கே நிறுத்தினேன். டியூபைக் கழற்றிக் காற்றடித்து, எங்கே குமிழி வருகிறது என்று பார்க்கத் தண்ணீரில் முக்கினார். அந்தக் கல்தொட்டிதான். தண்ணீர் இப்போது தெளிவாக இருக்கிறது.